பொம்மைக் கார் ரிமோட்டை வைத்துப் படகு ஓட்ட முடியுமா?

4 பிப்ரவரி 2024. கடலூர் முதுநகர் வாசகர் கேட்டது

அண்ணே, பையனோட ரிமோட் கார் அச்சு உடைஞ்சு பரண்ல கிடக்கு. போர்டும் ரிமோட்டும் நல்லாத்தான் இருக்கு. அதைக் கழட்டி ஒரு படகு செய்யலாம்னு நெனச்சேன். வீடியோவுல பாத்தா செர்வோ வாங்கு, பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கு, புது ரிமோட் வாங்குன்னு ஒரே செலவு. பொம்மை போர்டு தண்ணில பத்தடி தாண்டாதுன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு. நெசமா?

அதே நாள், இரவு

தாண்டும் தம்பி. பத்தடியில் நிற்கிற படகுகளை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் வேறு, அதைத் தனியாக எழுதுகிறேன்.

முதலில் போர்டைப் பாருங்கள். பதினாறு கால் ஐ.சி. ஒன்று இருக்கும். அதன் முதுகில் ஆர்எக்ஸ்-2 என்று இருந்தால் பழைய வகை. முன்னே, பின்னே, இடம், வலம், டர்போ என்று ஐந்து கட்டளை அதற்குத் தெரியும். ரிமோட்டுக்குள் இதன் ஜோடி டிஎக்ஸ்-2 இருக்கும், பக்கத்தில் தகர உறை போட்ட கிரிஸ்டல். அதில் 27.145 என்று பொறித்திருந்தால் 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மை. நம் நாட்டில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்குள் லைசென்ஸ் தேவையில்லை. பொம்மை ரிமோட் அதில் ஒரு துளிகூட வீசாது, அந்தப் பயம் வேண்டாம்.

ஐ.சி. எண் அழிந்திருந்தால் ஏரியலைப் பாருங்கள். நீள ஒயர் தொங்கினால் 27 அல்லது 40, 49 மெகாஹெர்ட்ஸ். மூன்று சென்டிமீட்டர் ஒயர் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ். அந்த அலையின் கால் பங்கு நீளம் அவ்வளவுதான். 27 மெகாஹெர்ட்ஸில் முழு அலை 11 மீட்டர், கால் பங்கே 2.75 மீட்டர். பொம்மைக்குள் அவ்வளவு ஒயர் வைக்க முடியாது, குறைவதைச் சரிக்கட்டத்தான் போர்டில் காயில் சுற்றியிருக்கிறார்கள். அதனால் ஒயரை வெட்டவும் வேண்டாம், இழுத்து ஒட்டவும் வேண்டாம். இருக்கிற நீளம் அப்படியே இருக்கட்டும்.

பார்த்தாகிவிட்டதா? இப்போது போர்டைத் திரும்பப் பரணிலேயே வையுங்கள். எல்லாரும் ரேடியோவில் ஆரம்பிக்கிறார்கள். என் கடைக்கு வந்த படகுகளில் ரேடியோ கெட்டு நின்றது ரொம்பக் குறைவு. தண்டு வழியாகத் தண்ணீர் ஏறியதும், மோட்டாருக்கு ஒவ்வாத விசிறி போட்டதும்தான் அதிகம். உடல், தண்டு, விசிறி. இந்த மூன்றும் தொட்டியில் ஒழுங்காக ஓடட்டும், ரிமோட் கடைசியில்.

7 பிப்ரவரி

உடலுக்கு எது என்று முதுநகர் தம்பி கேட்டிருக்கிறார். தெர்மாக்கோல்தான் சுலபம். டிவி பெட்டியில் வருவது வேண்டாம், கை வைத்தாலே மணி மணியாக உதிரும். துறைமுகத்தில் ஐஸ் வைத்து மீன் ஏற்றுகிற பெட்டி உடைந்து கிடக்குமே, அந்தத் தெர்மாக்கோல் கெட்டி. நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் வாடை போய்விடும். ஆக்ஸா பிளேடால் வெட்டி உப்புத்தாளால் தேய்த்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, அழகாகக் கூரும்.

அளவுக்கு ஒரு கணக்கு. 40 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்தில் தட்டையான அடி என்றால், ஒவ்வொரு செ.மீ. அமிழும்போதும் 480 கிராம் தாங்கும். 18650 லித்தியம் செல் ஒன்று சுமார் 45 கிராம். பொம்மையில் வரும் சின்ன மோட்டார் 20 கிராமுக்கும் கீழே. போர்டு, தண்டு, டப்பா எல்லாம் சேர்த்தாலும் அரைக் கிலோவை எட்டாது. ஒரு செ.மீ. அமிழ்ந்து மிதக்கும் படகு போதும். மளிகைக் கடைத் தராசில் எல்லாவற்றையும் மொத்தமாக வைத்து நிறுத்துப் பாருங்கள். வெட்டுவதற்கு முன்னால் நிறுக்க வேண்டும்.

அவசரக்காரர்களுக்கு இரண்டு ஒரு லிட்டர் பாட்டில். மூடியை இறுக்கி இணையாகக் கட்டி மேலே ஒரு பலகை. பாதி அமிழ்ந்தால் ஒரு கிலோ சுமக்கும், கவிழவும் செய்யாது. அழகு இல்லை. ஆனால் விசிறி பழக அதைவிட நல்ல வாகனம் கிடையாது.

8 பிப்ரவரி

இதை இன்றே சொல்லியாக வேண்டும். "எங்க தெருவுலயே ஃபைபர் போட் பட்டறை இருக்கு, ரெசின் கொஞ்சம் கேட்டு வாங்கித் தெர்மாக்கோல் மேல தடவிடவா?" என்று ஒருவர் கேட்கிறார்.

தடவாதீர்கள். போட்டுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. தெர்மாக்கோல் என்பதே பாலிஸ்டைரீன். தடவின இடம் கண்ணெதிரே குழிந்து கரையும். பெட்ரோலும், ஸ்ப்ரே பெயின்ட்டும் அதே வேலையைச் செய்யும். எபாக்ஸி கரைக்காது, விலை அதிகம். நான் செய்வது ஃபெவிக்காலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, தினத்தாள் துண்டுகளை மூன்று நான்கு அடுக்கு ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் எனாமல் இரண்டு கை. ஒவ்வொரு அடுக்கும் காய வேண்டும். உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு எனாமல் அடித்தால் ஒரு வாரத்தில் கொப்புளம் கிளம்பும்.

பட்டறைக்குப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. ரெசினில் கோபால்ட்டும் ஹார்ட்னரும் தனித்தனியாக ஊற்றுவார்கள், நடுவில் கலக்குவார்கள். அந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது, வெடிக்கும். பிள்ளைகளை அந்தக் கேன்களின் பக்கமே விடாதீர்கள்.

12 பிப்ரவரி

தண்டு. இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், நீளமாக வரும்.

மோட்டார் உள்ளே, விசிறி வெளியே தண்ணீரில். நடுவில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் கம்பி சுழலவும் வேண்டும், தண்ணீர் வரவும் கூடாது. படகின் கஷ்டம் முழுக்க அந்த ஓட்டையில்தான் இருக்கிறது.

கம்பிக்கு சைக்கிள் ஸ்போக். 2 மி.மீ. கனம், துருப்பிடிக்காத ஸ்போக் கேட்டு வாங்குங்கள். பழைய சக்கரத்திலிருந்து எடுப்பதானால் தரையில் உருட்டிப் பாருங்கள். துள்ளாமல் உருள்வதை மட்டும் எடுங்கள். தலைப்பக்கம் வளைவை வெட்டிவிட வேண்டும், மரை உள்ள பக்கம் விசிறிக்கு.

குழாய்க்குப் பழைய ரேடியோ ஏரியல். காயலான் கடையில் டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பழைய பெட்டி) கிடந்தால் முதலில் கை போவது அங்கேதான். இழுத்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வரும் பித்தளைக் குழாய்கள், மேலே பளபளப்பு முலாம். அதில் ஸ்போக் தாராளமாகப் போகிற குழாயைத் தேர்ந்தெடுத்து, பத்து பன்னிரண்டு செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய வாயில் பிசிறு இருந்தால் கம்பியைக் கடித்துவிடும், ஊசி அரத்தால் தேய்த்து எடுக்கவும். குழாயின் இரண்டு முனையிலும் அரை அங்குலத்துக்கு பால்பாயின்ட் ரீஃபில் துண்டைச் செருகுங்கள். ஸ்போக் ரீஃபிலுக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆடக்கூடாது. நாலைந்து கம்பெனி ரீஃபிலைப் போட்டுப் பார்த்தால் ஒன்று சரியாக அமையும். மை கறையை டர்பன்டைனில் கழுவிவிடுங்கள்.

நடுவில் உள்ள காலியிடம் முழுவதும் கிரீஸ். சைக்கிள் கடை கிரீஸ் போதும். ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து, குழாயின் ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனையில் புழு மாதிரி வெளியே வரும். வந்தால் நிரம்பிவிட்டது. தண்ணீரைத் தடுப்பது இந்தக் கிரீஸ்தான், குழாயோ ரீஃபிலோ இல்லை.

குழாயைச் சாய்த்து வையுங்கள். வெளிமுனை தண்ணீருக்குள், உள்முனை படகு மிதக்கும் மட்டத்துக்கு மேலே. அப்படி வைத்தால் கிரீஸ் கரைந்த பிறகும் தண்ணீர் குழாய்க்குள் வெளி மட்டம் வரைதான் ஏறும், படகுக்குள் கொட்டாது. சாய்வு ரொம்ப அதிகமானால் விசிறி படகை முன்னே தள்ளாமல் பின்பக்கத்தைத் தூக்கும். பதினைந்து டிகிரிக்குள் வைத்தால் நல்லது.

மோட்டாரையும் ஸ்போக்கையும் சேர்க்க வால் டியூப். சைக்கிள் வால்வில் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாய். பொம்மை மோட்டாரின் தண்டும் 2 மி.மீ., ஸ்போக்கும் 2 மி.மீ., இரண்டையும் அது கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதற்காக மோட்டார் கோணலாக இருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. கோணலாக இருந்தால் படகு முழுவதும் அதிரும், ரப்பர் நாலு நாளில் கிழியும், செல் சீக்கிரம் தீரும். மோட்டாரை ஒட்டுவதற்கு முன் கையால் ஸ்போக்கைச் சுற்றிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றில் எங்கும் இறுகாமல் வந்தால் ஒட்டலாம்.

13 பிப்ரவரி

நேற்று விட்டது. விசிறியை ஸ்போக்கில் மாட்ட அதே ஸ்போக்கின் நிப்பிள், அதாவது மரையில் ஏறுகிற சின்ன நட்டு, போதும். பித்தளை நிப்பிளை உப்புத்தாளால் தேய்த்தால் சாலிடர் நன்றாகப் பிடிக்கும். தகர இதழ்களை அதன்மேல் பற்ற வையுங்கள். ஸ்போக் மரை வலது மரை. பின்னாலிருந்து பார்க்கும்போது விசிறி கடிகாரச் சுற்றில் சுழன்று படகை முன்னே தள்ளினால், தண்ணீரின் எதிர்ப்பு மரையைக் கழற்றும். எதிர்ச்சுற்றில் சுழன்று தள்ளினால் இறுக்கும். அதனால் எதிர்ச்சுற்றுக்கு ஏற்றபடி இதழை வளையுங்கள். ரிவர்ஸ் கொடுக்கும்போது எப்படியும் கழலப் பார்க்கும், பின்னால் இன்னொரு நிப்பிளைப் பூட்டாகப் போட்டு இறுக்கிவிடவும்.

18 பிப்ரவரி

விசிறி. பால்பவுடர் டின் தகரம், விட்டம் 3 செ.மீ., இரண்டு அல்லது மூன்று இதழ். ட்ரோன் இறக்கையை அப்படியே போட்டவர்களின் மோட்டார் கருகியதைப் பார்த்திருக்கிறேன். அது காற்றுக்குச் செய்தது. தண்ணீர் காற்றைப்போல் எண்ணூறு மடங்கு கனம். அந்த நீளத்துக்குத் தண்ணீரைத் தள்ள இந்த மோட்டாருக்கு வலு கிடையாது.

தொட்டிச் சோதனை: படகைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். பிறகு மோட்டார் உடம்பில் விரல் வையுங்கள். விரல் நின்றால் விசிறி சரி. வைக்க முடியவில்லை என்றால் இதழைக் கொஞ்சம் நறுக்குங்கள், மறுபடியும் பாருங்கள். போர்டில் இருக்கும் 8050, 8550 டிரான்சிஸ்டர்கள் அதிகபட்சம் ஒன்றரை ஆம்பியர் வரைதான், சின்ன ரகத்துக்கு அரை ஆம்பியர்தான் எல்லை. விசிறி பெரிதானால் மோட்டாருக்கு முன்னால் அவை போய்விடும். கார் சக்கரத்துக்கு இருந்த பல்சக்கரப் பெட்டி வேண்டாம், மோட்டாரை மட்டும் எடுங்கள்.

20 பிப்ரவரி

வில்லியனூரிலிருந்து ஒருவர் கையில் இருக்கிற மோட்டார்களின் பட்டியலையே போட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். டேப் ரெக்கார்டர் மோட்டார் வேண்டாம். பாட்டு ஒரே வேகத்தில் ஓடுவதற்காக உள்ளேயே 2400 சுற்றில் கட்டிப்போட்டிருப்பார்கள். பிரிண்டர் மோட்டார் அதிக வோல்ட்டுக்குச் செய்தது, நாலு வோல்ட்டில் சோம்பிக்கிடக்கும். கம்ப்யூட்டர் சிடி டிரைவில் தட்டைச் சுழற்றுகிற மோட்டார் பிரஷ் இல்லாதது, நேராக செல் கொடுத்தால் ஓடாது. தட்டை வெளியே தள்ளுகிற குட்டி மோட்டார் ஓடும், சின்னப் படகுக்கு ஆகும். உங்கள் பட்டியலில் இருக்கும் பேட்டரி கார் மோட்டார்தான் சரி.

25 பிப்ரவரி

இரண்டு நாளாக யோசித்ததில் ஒரு முடிவு. கார் போர்டை வைத்தால் ஸ்டீயரிங் மோட்டாரைச் சுக்கானுக்குப் பயன்படுத்த வேண்டும். அது நடக்கும். ஆனால் சுக்கான் வேலை செய்ய விசிறி தண்ணீரை அதன்மேல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தினால் படகு திரும்பாது. கரையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க நினைப்பீர்கள், திருப்பவும் நினைப்பீர்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

ஜேசிபி பொம்மையோ டாங்கி பொம்மையோ கிடைத்தால் அதையே எடுங்கள். இரண்டு பட்டைக்கும் தனித்தனி மோட்டார். இடது பட்டை இருந்த இடத்தில் இடது விசிறி, வலது பட்டை இருந்த இடத்தில் வலது விசிறி. சுக்கானே வேண்டாம். ஒன்றை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் சுற்றினால் படகு இருந்த இடத்திலேயே சுழலும். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பொம்மைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். கை உடைந்த ஜேசிபியை யாரும் தொடமாட்டார்கள், விலை சொல்லக்கூட மனசு வராமல் தருவார்கள். ரிமோட்டோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், தனி போர்டுக்கு ஜோடி தேடி அலைய முடியாது.

அரியாங்குப்பத்தில் என் அக்கா பையன் இப்படித்தான் ஒன்று செய்து வைத்திருக்கிறான். மீன் பெட்டி உடல், இரண்டு ஏரியல் குழாய். "கெடிலம் எக்ஸ்பிரஸ்" என்று பெயர், கெடிலம் எங்கள் கடலூர் ஆறு. ஏன்டா புதுச்சேரியில் இருந்துகொண்டு கெடிலம் என்றால், "தெர்மாக்கோல் உங்க ஊருதானே மாமா" என்கிறான்.

இரட்டை விசிறியில் ஒரு நுணுக்கம். இரண்டும் ஒரே பக்கம் சுழன்றால் படகு ஒரு பக்கம் இழுக்கும். ஒன்றின் இதழை மறுபக்கம் வளைத்து, மோட்டார் ஒயரை மாற்றிக் கொடுத்தால் நேராகப் போகும். மாற்றின பக்கத்து மரை கழலப் பார்க்கும் என்று 13-ம் தேதி எழுதியதை ஞாபகம் வையுங்கள், அந்தப் பக்கத்தில் பூட்டு நிப்பிள் கட்டாயம்.

26 பிப்ரவரி

"முதன்முதல்ல ரேடியோவுல ஓட்டினது காரா, ப்ளேனா?" என்று கேட்டவருக்கு: படகு. 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொட்டி வைத்து ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை 613,809 கிடைத்தது. டிரான்சிஸ்டர் கிடையாது, வால்வ் கூடக் கிடையாது, உலோகத் தூள் அடைத்த ஒரு குழாய்தான் ரிசீவர். உங்கள் பையன் காருக்குள் இருக்கிற போர்டு அவருக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

3 மார்ச்

முதுநகர் தம்பி உடல், தண்டு எல்லாம் முடித்துவிட்டார். இப்போது கேள்வி: "மோட்டாரை ஓட்டாம ரிமோட்டை அமுக்கி, போர்டுல லைட் எரியுதான்னு பாத்தா நல்ல தூரம் எடுக்குது. மோட்டார் ஓடுறப்ப பத்தடியிலயே திணறுது."

முதல் நாள் சொல்லாமல் விட்ட காரணம் இதுதான். மோட்டாருக்குள் பிரஷ் உரசும்போது பொறி தெறிக்கும். அந்தப் பொறியே ஒரு ரேடியோ நிலையம். ரிமோட் பேசுவதைவிடப் பக்கத்தில் இருக்கும் மோட்டார் சத்தமாகப் பேசுகிறது, ரிசீவருக்கு எதுவும் விளங்குவதில்லை. பத்தடி என்று அடித்துச் சொன்னவர் பார்த்தது இதைத்தான்.

104 என்று எழுதிய செராமிக் கண்டென்சர் மூன்று வாங்குங்கள், 0.1 மைக்ரோஃபாரட். ஒன்று மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவில். மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடம்புக்கு. உடம்பில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பற்ற வையுங்கள், இல்லாவிட்டால் சாலிடர் உருண்டு விழும். கால்களை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டை. மோட்டாரிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். ஏரியல் ஒயர் மோட்டார் பக்கமே போகக் கூடாது. ஒரு ஈர்க்குச்சி நட்டு அதில் செங்குத்தாகச் சுற்றி மேலே ஏற்றுங்கள். தண்ணீருக்குள் ஏரியல் தொட்டுக்கொண்டு கிடந்தால், அதுவும் உப்பு ஏறுகிற உப்பனாற்றுத் தண்ணீரில், அலை அங்கேயே செத்துப்போகும்.

5 மார்ச்

கண்டென்சர் போட்டபின் வாலிபால் கோர்ட் நீளம் தாண்டி எடுக்கிறதாம். பொம்மைக்கு அது போதும். ரிமோட்டை இடுப்புக்குக் கீழே பிடிக்காமல் நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

10 மார்ச்

எங்கே ஓட்டுவது.

ஊசுட்டேரி வேண்டாம். பறவைகள் சரணாலயம் அது, சத்தமில்லாத பொம்மையானாலும் நீர்க்கோழிகள் கலையும். சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன, நீரோட்டமும் உண்டு. தேவனாம்பட்டினம் கடலில் சொல்லவே வேண்டாம், முதல் அலையிலேயே கவிழும். கோயில் குளத்தில் ஓட்டினால் ஊர்ப் பெரியவர்கள் திட்டுவார்கள், திட்டுவதில் நியாயமும் உண்டு. ஊர்ப்பக்கம் தேங்கிய குட்டை, ஆழம் தெரிந்த இடம், கரையில் செடி இல்லாத இடம். பாசனக் குளத்தின் படித்துறை ரொம்ப நல்லது.

காற்றைப் பாருங்கள். தொடர்பு அறுந்தால் இந்த போர்டு மோட்டாரை நிறுத்திவிடும். நின்ற படகு காற்று தள்ளுகிற பக்கம் போகும். அதனால் காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற கரையில் நின்று ஓட்டுங்கள். எது நடந்தாலும் படகு உங்களிடமே வந்து சேரும். கோடையில் நம் பக்கம் விடிகாலை அடங்கியிருக்கும், மதியத்துக்குள் கடல்காற்று ஏறிவிடும். காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்தில் தங்கூசி நரம்பு (தூண்டிலுக்குக் கட்டுகிற நரம்பு) கட்டிவிடுங்கள். விசிறியில் சுற்றாமல் இருக்க முனையை அணியத்தில் கட்டவும். நடுக்குளத்தில் நின்றுவிட்டால் இன்னொரு நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டிப் படகைத் தாண்டி எறிந்து இழுங்கள், நரம்பு படகில் மாட்டிக்கொண்டு வரும்.

படகை எடுக்க யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தவரும் இறங்கக் கூடாது. ஏரியில் மண் அள்ளின பள்ளம் மேலே தெரியாது, தாமரைக் கொடி காலைச் சுற்றினால் நீச்சல் உதவாது. மீன் பெட்டித் துண்டும் உடைந்த பொம்மையும்தானே, போனால் போகட்டும். பிள்ளைகளிடம் இதைக் கடைசியில் சொல்லாதீர்கள். படகு செய்யத் தொடங்குகிற அன்றே சொல்லுங்கள்.

11 மார்ச்

ஆகாயத்தாமரை உள்ள குளம் மட்டும்தான் பக்கத்தில் இருக்கிறது என்கிறவருக்கு: தண்ணீருக்குள் விசிறியே வேண்டாம். கைக்கு அடக்கமான பேட்டரி ஃபேன் பொம்மை விற்கிறதே, அதன் மோட்டாரையும் இதழையும் எடுத்துப் படகின் மேலே, பின்பக்கம் பார்த்துக் காற்றடிக்கும்படி நிறுத்துங்கள். இரண்டு நிறுத்தினால் ஜேசிபி போர்டிலேயே இடம் வலம் திரும்பும். ஓட்டை இல்லை, தண்டு இல்லை, கிரீஸ் இல்லை. வேகம் குறைவு, காற்றடித்தால் தடுமாறும். ஆனால் அடி தட்டையாக இருந்தால் கொடிக்கு மேலேயே வழுக்கிப் போகும். சின்னப் பிள்ளைகளின் முதல் படகாக இதையே செய்யச் சொல்வேன். இதழைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போட மறக்க வேண்டாம்.

17 மார்ச்

செல். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் 18650 செல்கள் வரும். பெரும்பாலும் ஆறு, இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடி வரிசை, 11.1 வோல்ட். பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டாலும் ஒரு ஜோடி மட்டுமே செத்திருப்பது அடிக்கடி நடக்கும். மீட்டரில் பாருங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்ட செல்லை உயிர்ப்பிக்க முயலாதீர்கள், ஒதுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக்கை உடைக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் நுனி செல்லில் இறங்கினால் தீப்பிடிக்கும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

மூன்று பென்சில் செல் போட்ட பொம்மை 4.5 வோல்ட். நிறைந்த லித்தியம் செல் ஒன்று 4.2. அப்படியே பொருந்தும். இரண்டை வரிசையாகப் போட்டால் 8.4, போர்டு புகைந்துவிடும். செல்லின் தலையில் நேராகச் சாலிடர் வைக்காதீர்கள். கழற்றும்போது நிக்கல் பட்டையில் கொஞ்சம் விட்டு வெட்டினால் அதில் ஒயரைப் பற்றலாம். சார்ஜுக்கு டிபி4056 போர்டு. செல்லுக்குத் தனி முனை, வெளியே போகத் தனி முனை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், அதில்தான் பாதுகாப்புச் சுற்று இருக்கும். அது ஒரு ஆம்பியர் ஏற்றும். தூங்கப்போகும்போது சார்ஜில் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

24 மார்ச்

உப்பனாற்றில் ஓட்டியே தீருவேன் என்கிறார் தம்பி. வீட்டு வாசலிலேயே ஆறு, அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். அதனால் மூன்று விஷயம் கூடுதலாகச் செய்ய வேண்டும்.

போர்டையும் செல்லையும் ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் வையுங்கள். ஒயர் போகிற ஓட்டையை ஹாட் குளுவில் அடைக்கவும். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலம் ஒன்று உள்ளே கிடக்கட்டும். சாலிடர் வைத்த இடம் ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷ் இரண்டு கை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடுகிற ஒயர் முனை திறந்திருந்தால் ஒரே நாளில் பச்சை பிடித்து அரித்துவிடும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் படகை முக்கி விசிறியைக் கொஞ்சம் ஓடவிடுங்கள். பிறகு தண்டைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது ஏற்றவும், மோட்டாரின் இரு முனை புஷ்ஷிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால் மறுநாள் மோட்டார் இறுகியிருக்கும்.

போட்டுகள் உள்ளே வருகிற நேரத்தில் இறக்காதீர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு.

7 ஏப்ரல்

படகு ஓடுகிறதாம். இடது பக்கமாகவே வட்டம் போடுகிறதாம். கார் போர்டு, ஒற்றை விசிறி, சுக்கான் நேராக நிற்கிறது என்கிறார். விசிறி ஒரு பக்கமே சுழல்வதால் பின்பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே போகும், ஒற்றை விசிறிப் படகுக்கு அது இயல்பு. முதலில் செல் இருக்கும் டப்பாவை நடுக்கோட்டுக்கு நகர்த்திப் பாருங்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்தாலும் வட்டம் வரும். அதில் தீரவில்லை என்றால் படகின் அடியில், பின்பக்கத்திலிருந்து நடுவரை, நடுக்கோட்டில் ஒரு அங்குல ஆழத்துக்குத் தகரத் துண்டு ஒட்டுங்கள். பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்குவதை அது பிடித்து நிறுத்தும். மீதி இருந்தால் சுக்கான் நேராக நிற்கும் இடத்தையே வலது பக்கம் துளி திருப்பி ஒட்டிவிடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்து ஓட்டிப் பார்த்தால்தான் எது குணமாக்கியது என்று தெரியும்.

9 ஏப்ரல்

டப்பாவை நகர்த்தியதிலேயே பாதி சரியாம். தகரம் ஒட்டுவதற்குத் தெர்மாக்கோலைக் கீறிச் செருகலாமா என்கிறார். செருகலாம், ஆனால் மேலே ஒட்டிய தாள் கிழிந்துவிடும். கீறின இடத்தில் ஃபெவிக்காலும் தாளும் மறுபடி ஒட்டி, காய்ந்தபின் எனாமல் அடித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும்.